அப்பா கற்றுக்கொண்ட 'க' பாஷை

எங்கள் வீட்டில் நன்றாகப் பேசத் தெரிந்தவள் அக்காதான். இதைச் சொல்லியிருந்தால் திருக்கழுக்குன்றத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அக்காவுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். கடையில் வேண்டியதை விரலால் காட்டுவாள். அப்பா ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவதோடு சரி.

சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனால் மட்டும் கதையே வேறு. அங்கே என்னிடம் 'க' பாஷையில் பேசுவாள். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போட வேண்டும், அவ்வளவுதான். 'நீ வா' என்பது 'கநீ கவா' ஆகிவிடும். பிள்ளைகள் எல்லோரும் விளையாடுவதுதான் அது. ஆனால் கணக்கு டீச்சர் தலையில் மாட்டிய கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிய கதையை அக்கா அதில் சொன்னால், நான் துணியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். ஓர் இடத்தில்கூடத் திக்க மாட்டாள். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. எனக்கு எட்டு வயது.

அப்பா மாமல்லபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒருநாள் சீக்கிரமே வீடு திரும்பியவர், மாடிப்படியில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறார். நான் கீழே வந்ததும் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா கடகடன்னு பேசிக்கினு கீறாளே, அது இன்னா பாஷை? எனக்குக் கத்துக்குடு."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா."

"அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்டி. ஞாயித்துக்கிழமை பூரா ஃபோன் உனுக்குத்தான்."

என் சத்தியம் அரை நிமிஷம் தாக்குப்பிடித்தது.

அப்பா மந்தமான மாணவர். ஒரு வாரம் படாத பாடு பட்டார். சனிக்கிழமை காலை என்னை ஆட்டோவில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, கடலோரம் போய்ச் சேரும்வரை 'கமாகமகல்கலகபுகரகம்' என்று மனப்பாடம் செய்தார். பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா ஒருவர், "இன்னா அண்ணாத்த, வாயில இன்னா பூந்துகிச்சி?" என்று கேட்டார். அப்பா அதற்கும் 'க' பாஷையிலேயே பதில் சொல்ல முயன்று, பாதியில் மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா முகம் கழுவி, தலைகூட வாரிக்கொண்டு, அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைப்பது போலக் கேட்டார்.

"கசாகப்கபிகட்கடிகயா?"

சாப்பிட்டியா என்று கேட்க அவருக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது. ஒரு பிழையும் இல்லை. நான் பெருமையோடு அக்காவைப் பார்த்தேன்.

அக்கா முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"க... க... க..."

அதற்கு மேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அது புது மாதிரி விளையாட்டாகத் தெரிந்தது. கைதட்டிச் சிரித்தேன். அப்பாவும் என்னோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அக்கா எழுந்து மாடிக்குப் போனாள். கொடியில் துணி எதுவும் இல்லை.

ஃபோன் எனக்கு மட்டும் கிடைத்ததில்தான் அவளுக்குக் கோபம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மனது பண்ணி, ஃபோனை அவளிடம் நீட்டி, "கபாகதி கநாகள் கஉகனகக்ககு" என்றேன்.

அப்பாவுக்கு ஆட்டுவாளே, அதே மாதிரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

ஃபோன் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, அன்று முழுக்க நானே விளையாடினேன்.