ஸ்கேனுக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர்

இன்று முதல் தடவையாக யூராலஜி டாக்டரிடம் போனேன். ஸ்கேன் இருக்கிறது, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் போகாமல் வாருங்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பியதுதான் தப்பு. படப்பை ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒரு டிரெய்லர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"இன்னாக்கா, இப்பிடி வேர்த்து ஊத்துது?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

கிளினிக்கில் நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடி ஆளுங்க இருக்காங்கம்மா. அடக்க முடியுமா?"

"கம்பெனில அசெம்ப்ளி லைன்ல நிக்கிறேன் மேடம். மாத்திவிட ஆள் வர்ற வரைக்கும் அடக்கி அடக்கிப் பழகிடுச்சு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதனாலதாம்மா இங்க வந்துருக்கீங்க."

லைனில் நிற்கும் தோழிகளே, பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் நிற்கிறோமே, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் தண்ணீர் பாட்டில் என்றைக்காவது காலியாக வீடு திரும்பியிருக்கிறதா?