பிறந்த வீட்டுக் கோடி

மாமா இறந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. மல்லாட்டை பிடுங்கும் ஆட்களுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அம்மா அப்போதுதான் கடலைக் கொல்லையிலிருந்து திரும்பியிருந்தாள். செய்தி கொண்டுவந்தவர் மொபெட்டை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

இறந்தவர் அப்பாவின் தங்கை கணவர். விழுப்புரத்தில் ரயில்வே வேலை. நான் அவரையும் பார்த்ததில்லை, அத்தையையும் பார்த்ததில்லை. அத்தை வேறு சாதியில் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் என்பதும், அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை என்பதும் பெரியவர்கள் பேச்சிலிருந்து அரைகுறையாகத் தெரியும். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அத்தை ஏதோ எட்டாத தேசத்தில் இருப்பதாக எண்ணியிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவள் வீடு வந்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியப்பா வந்தார். வெயிலில் வந்த களைப்போடு வாசற்படியில் உட்கார்ந்து, "இன்னா இருந்தாலும் பொறந்த வூட்டுக் கோடி போயாவணும். இல்லன்னா ஊரு பேசும்" என்றார்.

கோடி என்றால் எனக்குத் தெரிந்தவை இரண்டு. வாத்தியார் கரும்பலகையில் சுழி சுழியாகப் போட்டுக்கொண்டே போவாரே, அந்தக் கோடி. இன்னொன்று தெருக்கோடி. பெரியப்பா சொன்னது முதலாவதுதான் என்று நினைத்து, அவரிடம் அவ்வளவு இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டேன். சிரிப்பதற்குக்கூட அம்மாவுக்குத் தெம்பில்லை.

"புதுத்துணிடீ. செத்தவங்க மேல போத்தறதும் கோடிதான். புருசன் செத்தா பொண்டாட்டிக்கு அண்ணன் தம்பி எடுத்துக்கினு போறதும் கோடிதான். கல்யாணத்துல கட்டறதுக்கும் அதான் பேரு. கேள்வி கேக்காம சட்டய மாத்து."

கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே துணியா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் துணிக்கடையில் பெரியப்பா உட்காரவே இல்லை. "ஏதோ ஒரு நூல் பொடவ, ஜல்தி எடு. பொணத்த எடுத்துடப் போறாங்க" என்று வாசலிலேயே நின்றார். அம்மா புடவைகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அத்தையும் அவளும் ஒரே பாயில் படுத்தவர்கள். ஒருத்தி தலையை ஒருத்தி பின்னியவர்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "உனக்கு எது பிடிக்குது?" என்றாள்.

அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்றைக் காட்டினேன். அம்மா அதையே எடுத்தாள்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "துக்கத்துக்குப் போறமா, கல்யாணத்துக்குப் போறமா?"

"கல்யாணத்துக்குத்தான் ஒண்ணும் எடுக்கலியே" என்றாள் அம்மா. சண்டைக்குச் சொன்னமாதிரி இல்லை, நாளெல்லாம் தூக்கிவந்த எதையோ இறக்கிவைத்தமாதிரி இருந்தது. அப்பா பஸ் வருகிறதா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலில் போட்ட சாமியானாவின் கீழே, பெஞ்சின் மேல் மாமா படுத்திருந்தார். வருகிறவர்கள் ஆளுக்கொரு வெள்ளைத் துணியை அவர்மேல் போர்த்திவிட்டுப் போனார்கள். இந்தப் புழுக்கத்தில் இத்தனை துணியை எப்படித் தாங்குகிறார் என்று எனக்கு மூச்சு முட்டியது. தலைமாட்டில் மெலிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மூக்கு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. அதனால் அத்தையை யாரும் காட்டாமலே தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா புடவையைத் தட்டில் வைத்து நீட்டினார். பிறந்த வீட்டு ஆட்களைக் கண்டால் பெண்கள் கட்டிக்கொண்டு கதறுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அத்தை கதறவில்லை. புடவையை எடுத்து மடியில் வைத்துக் கரையைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு எடுத்தது?"

"உம் மருமவதான் காட்டுனா" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். புடவையை உதறிப் பிரித்து, வெள்ளைத் துணிகளுக்கு மேலே மாமாவின் மார்பிலிருந்து கால்வரை போர்த்திவிட்டாள்.

மாமா வீட்டு உறவுக் கிழவி ஒருத்தி பதறினாள். "ஐயையோ, பொம்பளப் பொடவையம்மா அது! ஆம்பள மேல போடறியே, எடு, எடு."

"இருக்கட்டும் பெரிம்மா" என்றாள் அத்தை. "இது கல்யாணத்துக்கு வந்திருந்தா நான் கட்டிக்கினு நின்னிருப்பேன், இவரும் பாத்திருப்பாரு. எங்க அண்ணனுங்க எப்பனா ஒருநாள் வருவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு. வந்துட்டாங்க. அவருக்கே இருக்கட்டும்."

யாரும் அதைத் தொடவில்லை. பெரியப்பா காலித் தட்டோடு வெளியே போய்ச் சாலை ஓரத்தில் நின்றுகொண்டார். காற்றில் அந்தப் புடவையின் முந்தானை விலகியது. அப்பா போய்க் குனிந்து, அதைக் கால்மாட்டில் ஒழுங்காகச் செருகிவிட்டார். நிமிர்ந்தபோது அத்தையும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கோ உள்ளூரப் பெருமை. அத்தனை துணிகளில் நான் எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. அத்தைக்கு அவ்வளவு பிடித்துப்போனதால்தான் மாமாவுக்கே கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெரியப்பா எங்களோடு உட்காராமல் முன்னால் போய்விட்டார். விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னலோரம் இருந்த அப்பாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, "அழாதப்பா. அத்தைக்கு வேற பொடவ எடுத்துக் குடுத்துடலாம்" என்றேன்.

அம்மா என் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "தூங்கு" என்றாள்.

அதேபோல இன்னொரு புடவை அந்தக் கடையில் இருக்குமா என்பது மட்டும்தான் அப்போது எனக்கிருந்த கவலை.