இரவல் மாப்பிள்ளை

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் குழாய்க் கடையில் பில் போடும் ஜெபமலருக்குப் படம் வரைய வராது. யானை வரைந்தால் அண்டாவுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். கதை மட்டும் கொட்டும். கரமனையிலிருந்து பஸ்ஸில் வருகிற நேரத்துக்குள் பக்கத்து சீட்டுக்காரியின் குடையை வைத்தே ஒரு கதை கட்டி, அந்தக் குடையைத் திருடு கொடுத்து, இறங்குவதற்குள் மீட்டும் விடுவாள்.

அவள் கதைக்கு முதல் ரசிகை மாடம்மாள். தூக்குப் போணியில் டீ கொண்டுவந்து கடை கடையாக ஊற்றுகிற திருநெல்வேலிக்காரி. எழுத்துத் தெரியாது. "வாயால சொல்லுதது காத்துல போயிருது மலரு. கண்ணுல காட்டு" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஜெபமலருக்குப் படம் வேண்டும் என்ற வெறி பிடித்தது.

அண்ணாச்சி அந்தச் சமயம் பார்த்துப் பரணில் புது ராக் அடிக்க ஆள் கூப்பிட்டார். அவர் அப்பா காலத்துக் கவர்கள் கம்பியில் குத்தினபடியே மூட்டை மூட்டையாக இறங்கின. தூத்துக்குடியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் டிராஃப்டும் விலைப்பட்டியலும் சுமந்து வந்த ரிஜிஸ்தர் தபால்கள். "பழைய சாமான் எடுக்குத ஆக்ரிக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிப் போடச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. ஜெபமலர் கவர்களின் மூலையைப் பார்த்தாள். அங்கே மரமும் ரயிலும் மயிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஸ்டாம்புகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து, நாளிதழ் மேல் காயவைத்தாள். ஜி.எஸ்.டி. நம்பர் வந்த பிறகு செல்லாமல் போன பழைய லெட்டர்பேட் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதன் பின்பக்கம் கதைக்கு ஆயிற்று. மதியம் இரண்டு மணிக்கு மேல் கடை தூங்கி வழியும். மைதாப் பசை, ஒரு ஸ்கேல், ஒரு நீலப் பேனா. வாரத்துக்கு ஒரு தாள்.

ஆரம்பித்த பிறகுதான் இதில் உள்ள சங்கடம் தெரிந்தது. கதாநாயகன் பக்கத்துக்குப் பக்கம் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் முகம் மாறினால் மாடம்மாள் சும்மா விடுவாளா? ஆகவே எந்த ஸ்டாம்ப் அதிகமாக இருக்கிறதோ அவன்தான் நாயகன். எண்ணிப் பார்த்ததில் ரப்பர் மரம் கீறுகிறவன் ஜெயித்தான். அஞ்சு ரூபாய் ஸ்டாம்ப், ரிஜிஸ்தர் கவர்களிலெல்லாம் அவன்தான். அவனுக்கு ராசய்யன் என்று பேர் வைத்தாள். தறி நெய்கிற ரெண்டு ரூபாய் ஸ்டாம்பும் கணிசமாகக் கிடைத்தது. அது பவளம், கதாநாயகி. மற்றவர்கள் எல்லாம் விருந்தாளிகள். புலி ஒன்றே ஒன்று இருந்ததால், வந்த தாளிலேயே ஒருவனைக் கடித்துவிட்டு அதே தாளில் காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. வண்ணத்துப்பூச்சியும் ரயிலும் ஒரே உயரத்தில் இருந்ததை மாடம்மாள் கேட்டபோது, "ரயிலு தூரத்துல வருதுக்கா, பூச்சி கண்ணுக்குக் கிட்ட" என்று சமாளித்தாள். தலைவர்களின் ஸ்டாம்புகள்தான் எக்கச்சக்கம். அவர்களை நடிக்க வைப்பது மரியாதை இல்லை என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக வைத்தாள். கதையில் வில்லேஜ் ஆபீஸ் வந்தால் மட்டும் சுவரில் படமாக மாட்டுவாள்.

தபால் முத்திரைதான் பெரிய தலைவலி. அதையும் கதைக்குள் இழுத்துக்கொண்டாள். ராசய்யன் மேல் நீளக் கோடுகள் விழுந்திருந்தால் அந்தத் தாளில் மழை. முகத்தில் வட்ட முத்திரை கறுப்பாகக் குத்தியிருந்தால் அந்த வாரம் தோட்டக் காண்ட்ராக்டரின் ஆட்களிடம் அடி வாங்கியிருப்பான். முத்திரை குத்தாத ஸ்டாம்ப் ஏது? ஆகையால் ராசய்யன் ஒன்று நனைந்தான், இல்லை அடிபட்டான்.

"ஏ மலரு, இந்தப் பயல ஒரு நாளாவது அடிபடாம காட்டேன். பெத்தவ இருந்தா வயிறெரிவா" என்றாள் மாடம்மாள்.

"கல்யாணத்தன்னைக்குக் காட்டுவேன் அக்கா. மொகம் பளிச்சுன்னு."

வாய்ச் சவடால் இல்லை. ஒரு பழைய கவருக்குள் பதில் போடுவதற்கென்று ஒட்டி அனுப்பிய இன்னொரு கவர் இருந்தது. யாரும் பதில் போடவில்லை. அதில் ராசய்யன் குளித்துத் தலை சீவினவன் மாதிரி, ஒரு கறை இல்லாமல் நின்றான். அவனை மட்டும் பக்குவமாக உரித்துத் தன் வீட்டு பீரோவில் பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

ஓணத்துக்கு வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அண்ணாச்சியே எழுந்து, "எங்க கடைப் பிள்ளை ஒரு கதை ஒட்டியிருக்கா. சங்க ஹால்ல கயிறு கட்டித் தொங்கவிடுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. கடைசித் தாள், கல்யாணத் தாள், அன்றைக்குத்தான் வெளியாகும். லோடு ஏற்றுகிறவர்கள் முதல் பெயிண்ட் கடைக்காரர் வரை அதைப் பற்றியே பேச்சு. ஆயுசில் முதல் தடவையாக நாலு பேர் தன் கதையின் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதில் ஜெபமலருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைபிளைத் திறந்தால் மாப்பிள்ளையைக் காணோம்.

"இஞ்ச பாருங்க, இதுக்குள்ள இருந்த ஸ்டாம்ப் எங்க?"

புருஷன் ஞானையன் கட்டிலில் உட்கார்ந்து கால் விரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சாலைக் கடைகளுக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். "அதுவா? அஞ்சு ரூபா ஸ்டாம்ப் வெறுதே கெடக்கேன்னு எடுத்தேன் பிள்ளே. தபாலுக்குச் சரியா அஞ்சு ரூபாதான் கேட்டியா."

"என்ன தபால்?"

"டீத்தூள் கூப்பன். பத்துக் கூப்பன் அனுப்பினா குலுக்கல்ல தங்க நாணயமாம். கொச்சிக்கு."

ஜெபமலர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்க மாப்ளையைக் கொண்டு தபால் பெட்டியில போட்டுட்டியளே."

"நான் இங்கதானே இருக்கேன்?"

"நீங்க இல்ல! ராசய்யன்!"

"எட்டி, பழைய ஸ்டாம்பு. செல்லுமான்னு எனக்கே சந்தேகம். போஸ்ட் ஆபீஸ்ல கேட்டேன், எப்ப வேணும்னாலும் செல்லும்னாங்க." அவருக்கு அதில் ஒரு பெருமை. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் தைலப் பாட்டிலை மூடினார். "நாளைக்கு வேணும்னா கொச்சிக்கு வண்டி எடுத்துட்டுப் போகட்டா?"

"போயி? கூப்பனைத் திருப்பித் தாங்கன்னு கேப்பியளா?"

மிச்சமிருந்த ராசய்யன்களைப் பரப்பிப் பார்த்தாள். மூன்று பேர். மூன்று பேருக்கும் முகம் கறுத்துக் கிடந்தது. ஒருவனைப் பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைத்ததில் முத்திரை அப்படியே இருக்க, மூக்கு போய்விட்டது.

சனிக்கிழமை விஷயத்தைக் கேட்ட அண்ணாச்சி கணக்குப் பெட்டியைச் சாத்தினார். "கோட்டைக்குள்ள வெங்கடேஸ்வரன் சார் இருக்காரு. ஏஜீஸ் ஆபீஸ்ல ரிட்டயர்டு. குழாய்க்கு வாஷர் வாங்க வந்தா ஒரு மணி நேரம் ஸ்டாம்ப் பத்தியே பேசுவாரு. நான் போன் போட்டுச் சொல்லுதேன். உன் தாளையெல்லாம் எடுத்துட்டுப் போ. ஆனா அந்த மனுசன் கையிலருந்து ஒரு ஸ்டாம்ப் வாங்கினவன் இந்தத் திருவனந்தபுரத்துல கிடையாது பாத்துக்கோ."

கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டி அக்ரகாரத் தெருவில் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். வெங்கடேஸ்வரன் சார் கதவைத் திறக்கும்போதே கையில் பூதக்கண்ணாடி. தாள்களை மேசையில் பரப்பியதும் அவர் முகம் போன போக்கு, விபத்து பார்த்தவர் மாதிரி.

"என்னம்மா இது? எதால ஒட்டியிருக்கேள்?"

"மைதாப் பசை சார்."

"மைதாவா! பூச்சி வருமே! இதோ, இது பல்லெல்லாம் எங்கே?"

ஸ்டாம்பின் ஓரத்துப் பற்களைத்தான் கேட்டார். "மாடம்மாக்கா வெட்டிட்டாங்க சார். பிஞ்சு போயிருக்குன்னு நெனச்சு, ஓரம் நேராக்கித் தந்தாங்க."

சார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் பக்கத்துத் தாளில் விழுந்தது. பிறகு அதற்கடுத்த தாளில். பூதக்கண்ணாடி ஸ்டாம்பிலிருந்து நகர்ந்து நீல எழுத்துக்கு வந்ததை ஜெபமலர் கவனித்தாள்.

"இந்த யானை எப்படி வில்லேஜ் ஆபீசுக்குள்ள வந்தது?"

"யானை ஸ்டாம்ப் ஒண்ணுதான் இருந்துது சார். எங்கயாவது வரணும்லா."

"அது செரி. அந்தக் காண்ட்ராக்டர் என்ன ஆனான்?"

"அவன் ஸ்டாம்பு கிழிஞ்சு போச்சு சார். அதனால ஆத்துல விழுந்துட்டான்."

சார் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது நன்றாகவே தெரிந்தது. உள்ளே போய் ஆல்பம் கொண்டுவந்தார். வழவழப்பான தாளுக்கடியில் ராசய்யன் நாலு பேர் ஒட்டிப் பிறந்தவர்கள் போல ஒரே துண்டாக நின்றார்கள். பக்கத்தில் ஒற்றையாக ஒருவன். முகத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"நாலைப் பிரிக்கறதுங்கற பேச்சே கிடையாது. இந்த ஒத்தையைத் தரேன். தரேன்னா தானம் இல்லை, விலைக்கும் இல்லை. இரவல். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குத் திருப்பி எடுத்துண்டு வந்துடுவேன். மைதாப் பசை கூடாது. பின்னால ஒரு சின்னக் காகிதத் துண்டு ஒட்டி நானே வைப்பேன். மேலே கண்ணாடித்தாள். தெரிஞ்சுதா?"

"ஒரு நாளைக்கு மாப்ளையை இரவல் தாறீங்க."

"நீங்க எப்படி வேணும்னாலும் சொல்லிக்கோங்கோ. அஞ்சு மணி."

ஞாயிற்றுக்கிழமை சங்க ஹாலில் அரிசி மூட்டைகளைச் சுவரோரம் நகர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். தாள்கள் துணிக் கிளிப்பில் தொங்கின. ஒரு பக்கம் அத்தப்பூக் கோலம், இன்னொரு பக்கம் பாயசம். எல்லோரும் பாயசக் கையோடு நேராகக் கல்யாணத் தாளுக்கே போனார்கள். தறியில் பவளம், பக்கத்தில் பளிச்சென்று ராசய்யன், சுற்றிலும் தாமரை, மயில், ஒரு கப்பல். கப்பல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு யார் யாரோதானே வருவார்கள்?

அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வெங்கடேஸ்வரன் சார், சட்டைப் பையில் இடுக்கியோடு, காலை பத்து மணியிலிருந்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"தொடாதீங்கோ! தள்ளி நின்னு பாருங்கோ!"

மாடம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மூக்கு உரசக் கிட்டே போனாள். "ஆத்தாடி, எம்புட்டு லெச்சணமா இருக்கான்! எட்டு மாசமா மூஞ்சியில கரியப் பூசிட்டுல்லா திரிஞ்சான்." நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். "ஐயா யாரு? பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"மாப்பிள்ளை என்னோட ஆளு" என்று சார் பட்டென்று சொல்லிவிட்டார். ஹாலே சிரித்தது. பெயிண்ட் கடைக்காரர், "அப்போ சம்பந்தி, பாயசம் குடிக்காம நிக்கலாமா?" என்று ஒரு தம்ளரை நீட்டினார். சார் தம்ளரைத் தாளிலிருந்து எட்ட வைத்துக்கொண்டு குடித்தார். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் முதல் தாளிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்தார். மலையாளத்தில் கேட்டவர்களுக்கு மலையாளத்தில். யானை வந்த இடத்தை மட்டும் அவராகக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். ஜெபமலர் தூண் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தன் கதை அடுத்தவர் வாயில் நடப்பதைக் கேட்க, முதுகில் யாரோ தட்டிக்கொடுப்பது போலிருந்தது.

ஐந்து மணிக்கு அவர் இடுக்கியை எடுத்தார்.

இவ்வளவு பேசினவர் விட்டுவிட்டுப் போவாரோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது உண்மை. அவர் விடவில்லை. பூப்போல ராசய்யனைத் தூக்கி, ஆல்பத்தில் வைத்து, பைக்குள் போட்டு, "நன்னா இருந்தது கதை. அடுத்த தடவை மைதா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

திங்கட்கிழமை அண்ணாச்சி அந்தத் தாளைச் சட்டம் போட்டு பில் மேசைக்கு மேல் மாட்டச் சொன்னார். தறியில் பவளம். பக்கத்தில் வெறும் கட்டம். கறுத்த முகத்து ராசய்யனில் ஒருவனைக் கொண்டு அடைக்க ஜெபமலருக்கு மனசு வரவில்லை. முகம் தெளிந்து தாலி கட்டின மாப்பிள்ளையை மறுநாளே அடிபட்டவனாக நிறுத்துவதா? பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

மாடம்மாள்தான் முதலில் பார்த்தாள். போணியைக் கீழே வைத்தாள். "ஏ மலரு! மாப்ள எங்க?"

கடையில் எல்லோரும் திரும்பினார்கள். ஜெபமலர் பில் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.

"கல்ஃபுக்குப் போயிட்டான். விசா வந்துட்டுது."

மாடம்மாள், "அதானே பாத்தேன். கப்பல் நின்னப்பவே நெனச்சேன்" என்றாள். அண்ணாச்சி, "எந்த ஊரு, குவைத்தா?" என்று கேட்டார்.

சரக்கு ஏற்ற வந்த ஞானையனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "கல்யாணம் முடிஞ்ச கையோடயா? பய லீவை நீட்டியிருக்கலாம்."

"நீங்க நீட்டுனியளா?"

ஞானையன் கல்யாணம் முடிந்த மாதமே ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினவர். வருஷக்கணக்கில் அங்கேதான் லாரி ஓட்டினார். அவர் தோளில் இருந்த பைப்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, நேற்றுக்கூடச் சரியாகப் பார்க்காத அந்தத் தாளை நின்று பார்த்தார். தறியையும் பார்த்தார், பக்கத்துக் கட்டத்தையும் பார்த்தார்.

"நான் போனப்போ நீயும் இப்பிடித்தான் தனியா இருந்தியோ பிள்ளே?"

"நான் எங்க தனியா இருந்தேன்? எனக்க கூட உங்க அம்மைல்லா இருந்தாங்க." ஜெபமலர் பில்லைக் கிழித்து நீட்டினாள். "இவளுக்கு மாமியார் ஸ்டாம்ப் கெடைக்கல. குடுத்து வச்சவ."