கொசுவுக்குக் கை கொடுத்தவர்

என் அண்ணியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: "கணவர் தையல்காரர்." அவ்வளவுதான். கொசு ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்த்தவரின் கணவருக்கு, போனால் போகிறது என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனோ, "அதுல என்ன தப்பு? நான் தையல்காரன்தானே" என்பார். வீட்டுக்கு வேண்டிய கோபத்தையெல்லாம் நானே பட்டுத் தீர்த்துவிடுவதால் அவருக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

அண்ணி முதலில் கடைக்கு வந்தபோது நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வலைத்துணிச் சுருளை மேஜையில் வைத்து, "கை மட்டும் தைக்கணும். சட்டை வேணாம்" என்றார்.

"யாருக்குங்க?" என்றார் அண்ணன்.

"கொசுவுக்கு."

கழன்ற கேஸ் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. அளவு கேட்டார். கொசு வளர்க்கும் கூண்டுக்குப் பக்கவாட்டில் ஒரு துணிக்கை வேண்டும், அதன் வழியே கையை விட்டால் ஒரு கொசுகூட வெளியே வரக்கூடாது என்று அண்ணி விளக்கினார். முதல் கை தொளதொளவென்று போய் ஆய்வகம் முழுக்கக் கொசு. திட்ட வந்தவரிடம், "கூண்டைப் பாக்காம தச்சது என் தப்பு, நேர்ல வந்து அளவெடுக்கிறேன்" என்றார் அண்ணன். போனார், வந்தார், மறுபடியும் போனார். எத்தனை முறைதான் ஒரு கையை அளப்பார்கள்? எனக்குப் புரிந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பின் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். கூண்டுக்குக் கை தைக்கப் போனவர் கூண்டுக்குள்ளேயே கையை விட வேண்டி வந்தது. பெண் கொசு முட்டையிட ரத்தம் வேண்டும். அதுவரை அண்ணி தன் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை கர்ப்பமானதும் டாக்டர் கூடாது என்றுவிட்டார். அண்ணன் தானாகவே முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டார். வலது கை கத்தரிக்கோலுக்கு, இடது கை கொசுவுக்கு. கடை திறக்கும் முன் போய்க் கடி வாங்கிக்கொண்டு, சொறிந்தபடியே மிஷினில் உட்காருவார்.

"வீட்டுக்கு வர்ற கொசுவை அடிக்கிறீங்க, அங்க இருக்கிறதுக்கு விருந்து வைக்கிறீங்களே" என்று கேட்டால், "அது வேற கொசு. உங்க அண்ணி பேர் சொல்லப்போற கொசு" என்பார்.

அவர் எதையும் விட்டுக்கொடுப்பார், ஒன்றைத் தவிர. முந்தைய கர்ப்பம் கலைந்தபோது அண்ணன் துணி எடுக்க வெளியூர் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணி தனியாகக் கிடந்தார். இந்தமுறை வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கும் வரை பக்கத்தைவிட்டு நகரமாட்டேன் என்று அண்ணன் சத்தியம் செய்திருந்தார்.

வலி வந்ததும் அன்றைக்கென்று பார்த்துத்தான். அதற்குச் சற்று முன்னால் ஆய்வகத்தில் கரண்ட் போய், சூட்டில் கூண்டு கூண்டாகக் கொசு செத்திருந்தது. ஒரே ஒரு கூண்டு மிச்சம். அதிலும் நாலைந்துதான் தெம்பாக இருந்தன. அன்று ரத்தம் கிடைக்காவிட்டால் முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் அண்ணியின் பல வருட உழைப்பு அத்தோடு சரி. கை கொடுக்கக்கூடிய ஆய்வக உதவியாளரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

கட்டிலில் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தபடி அண்ணி, "நீங்க போங்க. போய்க் கைய குடுத்துட்டு வாங்க" என்றார்.

"போகமாட்டேன். கொசு போனா போகட்டும்."

அண்ணன் அண்ணியை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. போனாலும் மனசு உடையும், இருந்தாலும் உடையும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. என் உடம்புல ஓடுறது மட்டும் என்ன, தண்ணியா? நான் போறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கொசு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. ஒன்று கடித்தாலே பணியாரம் மாதிரி வீங்கும். அண்ணன் தைத்த துணிக்கைக்குள் கையை விட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்று வந்தது. பிறகு மற்றவை. அடிக்கக்கூடாது, அசையக்கூடாது. மறு கை அடிக்கப் பரபரத்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். "குடிங்கடி, குடிச்சுத் தொலைங்க" என்று வாய்விட்டே திட்டினேன். வயிறு சிவந்து ஒவ்வொன்றாகப் போய் ஓரத்தில் உட்கார்ந்தன. பின்னாளில் அண்ணிக்குப் பெயர் வாங்கித் தந்த ஆராய்ச்சி, அவற்றின் வாரிசுகளை வைத்து நடந்ததுதான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. அண்ணன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். நர்ஸ் விரட்டியும் நகரவில்லையாம். சட்டை கசங்கி, தலை கலைந்து நின்றவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கூடப்பிறந்தவளிடம் கைகூப்புகிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

எல்லாம் ரத்தம் குடித்ததா என்றுதான் அண்ணி முதலில் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற களைப்பில் கண் செருக, என் கையை இழுத்து, வீங்கிப்போயிருந்த இடத்தைத் தன் ஈரத்துணியால் ஒற்றினார்.

"ரொம்ப அரிக்குதா உனக்கு?" என்றார்.