வூட்லயே துன்னுட்டு வந்துட்டோம்

வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்பவர்கள் எங்கள் பிளாக்குக்கு வந்து செங்கொடியின் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். மூத்தவள் அன்புக்கரசிக்கு ஏழு வயது, சின்னவன் பாரிக்கு ஐந்து. யார் வீட்டில் எதை நீட்டினாலும், "வேணாம், வூட்லயே துன்னுட்டு வந்துட்டோம்" என்று இரண்டும் ஒரே குரலில் சொல்லும். பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்தாலும் இதே பதில்தான்.

எல்லாம் செங்கொடி கொடுத்த பயிற்சி. அடுத்தவர் எதிரில் அவள் வாய் "வாங்கிக்க கண்ணு" என்று குழையும். கண்ணோ "தொட்டே, தொலைஞ்சே" என்று மிரட்டும். பிள்ளைகள் கண் சொல்வதைத்தான் கேட்பார்கள். செங்கொடி சிறுமியாக இருந்தபோது, தன் அம்மா வேலை பார்த்த வீட்டில் ஒரு லட்டு கேட்டுவிட்டாள். "சோத்துக்கு அலையுது பாரு" என்றாள் அந்த வீட்டுக்காரி. அந்தச் சொல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. லட்டையும் கொடுக்கவில்லை, அது வேறு.

எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் அவள் சூப்பர்வைசர். அவள் விசில் ஊதினால் டிரெய்லர் லாரி நிற்கும். வருஷம் முழுக்க ஒருத்தருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டதற்குக் கம்பெனி ஒரு பரிசு கொடுத்தது. நட்சத்திர ஓட்டலில் நான்கு பேருக்கு விருந்து. சேதி கேட்டதுமே அவள் புருஷன் சுப்பராயனுக்குப் பேசின் பிரிட்ஜ் ரயில் ஷெட்டில் திடீர் டூட்டி வந்துவிட்டது. அவன் இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான் கிளம்பினேன். இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு வெட்கம் கிடையாது.

"எம்புள்ளைங்க அங்க குந்திகினு வயிறார துன்னணும்க்கா. அவ்ளோதான் எனக்கு வோணும்" என்றாள் ஆட்டோவில். அதற்காகவே மத்தியானம் அவர்களுக்குச் சோறு போடவில்லை.

ஓட்டலில் இருமினால்கூட அபராதம் போடுவார்கள் போலிருந்தது. கோட்டு போட்ட சர்வர் குனிந்து, "குட்டீஸ் என்ன சாப்பிடறீங்க?" என்றார்.

இரண்டும் நிமிர்ந்து உட்கார்ந்தன. "வேணாம் அங்கிள். வூட்லயே துன்னுட்டு வந்துட்டோம்."

பாரி வயிற்றைத் தட்டிக் காட்டினான். "ஃபுல்லா கீது."

செங்கொடி அசடு வழியச் சிரித்து, தானே மீன் சொன்னாள். முறம் அளவு தட்டில் உள்ளங்கை அளவு மீன் வந்தது. "துன்னு கண்ணு" என்றாள். இரண்டும் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி மறுத்தன. அவள் கெஞ்சக் கெஞ்ச இவர்களுக்கு ரோஷம் ஏறியது. பக்கத்து மேஜையில் ஒரு பையன் நூடுல்ஸை வாரித் தரையில் வீசினான். சர்வர் "சோ க்யூட்" என்று பொறுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா சொல்றேன்ல, துன்னுடி!" செங்கொடி தட்டை மகள் பக்கம் தள்ளினாள்.

அன்புக்கரசி அவள் காதருகே போய்க் கேட்டாள். ரகசியம்தான், ஆனால் அந்த அமைதியில் எனக்கும் கேட்டது, சர்வருக்கும் கேட்டது.

"நெஜமா சொல்றியா, இல்ல அவரு எதுர்ல சொல்றியாம்மா?"

விசில் ஊதி டிரெய்லரை நிறுத்துகிறவள் மகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"தோ, நான் பாக்கல. துன்னுங்க."

அப்புறம்தான் பிள்ளைகள் தட்டில் கை வைத்தார்கள். மீன் தீர்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.