விளம்பரம் இல்லாத சனிக்கிழமைகள்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால், வாளோடு வரவேண்டிய ஜப்பானியப் பையனைக் காணோம். அவன் இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் அமெரிக்காவின் ஓஹாயோவுக்கு வந்த புதிதில் மூன்று சேனல்களில் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் ஓடியது. ஒவ்வொன்றாக நின்றது. இது கடைசி. சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது.

"என்னமா, நாயெல்லாம் வருது?" என்றார் அப்பா, கைத்தொலைபேசியில்.

"மாத்திட்டாங்கப்பா."

"அப்ப அந்தப் பையன் கத?"

அப்பா மலேசியாவில், கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் மற்ற அப்பாக்கள் செய்தி பார்ப்பார்கள். என் அப்பாவுக்கு என்னோடு உட்கார்ந்து, மலாய் மொழியில் பேசும் ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்தாக வேண்டும். அம்மா போனபின் அவர் தனியாக இருக்கிறார். இங்கே காலை எட்டு மணி என்றால் அவருக்கு இரவு எட்டு. கைத்தொலைபேசியைத் திரைக்கு நேராகச் சாய்த்துவைத்து, ஆங்கிலத்தில் பேசுவதை நான் தமிழில் சொல்ல, "வெட்டுடா அவன" என்று அவர் அங்கிருந்து கத்துவார். ஊரிலேயே இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். மற்ற நாட்களில் எங்கள் பேச்சு "சாப்டியா?", "சாப்டேன்பா" என்பதோடு முடிந்துவிடும். அந்தச் சனிக்கிழமையை விட்டால் எனக்கு அப்பா இல்லை.

மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்யும் டெனிஸிடம் புலம்பினேன். "உன் குழந்தைக்கு எத்தனை வயது?" என்று பரிவோடு கேட்டாள். "எழுபத்தொன்று" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, இந்த நாட்டில் இப்போது யார் டிவியில் அனிமே பார்க்கிறார்கள் என்று சொல்லி, ஒரு செயலியைக் காட்டிக் கொடுத்தாள். கூடுதல் சந்தா கட்டினால் விளம்பரமே வராதாம். கட்டினேன்.

படம் கண்ணாடியாகத் தெரிந்தது. ஆனால் ஆரம்பித்தால் மூச்சுவிடாமல் ஓடி முடிந்துவிடும். "நல்லாருந்துச்சி. வெச்சிரவாமா?" என்பார் அப்பா. வாராவாரம் இதே கதை. அப்புறம்தான் ரவாங்கில் வேலை பார்க்கும் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அப்பா ஒன்கிட்ட சொல்லவே இல்லையா? தஞ்சோங் காராங்ல மோட்டர் சைக்கிள் சறுக்கி விழுந்துட்டாரு லா. மூனு வாரமாச்சி. முட்டி இன்னும் வீங்கிக் கெடக்கு."

எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. வாராவாரம் பேசுகிற மகளிடம் சொன்னால் என்ன? அன்று வேலையில் மனம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாத்திரைப் புட்டிகளை அடுக்கியபடி யோசித்துப் பார்த்தேன். அப்பா எனக்கு எதையாவது சொன்னதெல்லாம் விளம்பரம் ஓடும்போதுதான். தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள், தன் பெயரும் இருக்கிறது என்பதை ஒரு பிஸ்கட் விளம்பரத்தின்போது சொன்னார். அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதைச் சவர்க்கார விளம்பரத்தின்போது, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். நான் இங்கே வந்தபிறகும், பிரஷர் ஏறியிருப்பதைச் சொல்ல ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ்காரன் வந்து கத்தவேண்டியிருந்தது. கதை நின்றால்தான் அவர் வாய் திறப்பார். நான் காசு கொடுத்து அதை அடைத்துவைத்திருந்தேன்.

அன்றே விளம்பரம் வருகிற மலிவான சந்தாவுக்கு மாறினேன். கேள்விப்பட்ட டெனிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, பணக் கஷ்டமென்றால் தன்னிடம் சொல்லக்கூடாதா என்றாள். இதை எங்கிருந்து விளக்குவது? "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, பையன் வாளை ஓங்கிய இடத்தில் ஒரு கார் விளம்பரம் வந்தது. அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"முட்டி கொஞ்சம் வலிக்குதுமா. மோட்டர்ல விழுந்துட்டேன்."

"தம்பி சொன்னான்பா. டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனேன்." கார் ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தது. "நீ எப்ப வருவ?"

இங்கே வந்த இத்தனை வருடத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை. லீவு, டிக்கெட், விசா என்று என்னிடம் பதில்கள் இருந்தன. அதில் ஒன்றை எடுப்பதற்குள் பையன் திரும்பி வந்துவிட்டான்.

"சரி சரி, ஆரம்பிச்சிட்டான். என்னா சொல்றான், சொல்லு."

அவன் சொல்வதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அந்த விளம்பரம் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. முடிந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது. அடுத்த விளம்பரம் எந்த நிமிடமும் வரலாம்.