வெள்ளிக்கிழமை போர்டு

யமுனாவுக்குத் திடீரென்று இங்கிலீஷ் மேல் ஆசை வந்துவிட்டதாக நாராயணவனத்தில் அவள் தெருவே நம்பியது. வேலை பார்க்கும் ரேணிகுண்டா கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகப்போகிறாளாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளும் மறுக்கவில்லை. புருஷனுக்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

புருஷன் ரங்கன் குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டுகிறான். அறையில் நாலைந்து பேர் இருப்பதால் போனில் மனம்விட்டுப் பேசமாட்டான்.

"இன்னாங்க, அக்ரிமெண்ட் தையோட முடியுதே, வந்துடுவீங்களா?"

"பாக்கலாம் யமுனா. நீ துன்னியா?"

சோற்றைப் பற்றி இவ்வளவு அக்கறை உள்ள மனிதன் உலகத்திலேயே கிடையாது.

வகுப்பு நடத்துவது திருப்பதி நந்திதா டீச்சர். ரங்கனுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமையில், செல்போனில் நடக்கும். வேலைக்கு வேண்டுமென்று அவன் முதலில் சேர்ந்தான், அவள் பின்னாலேயே சேர்ந்தாள். யார் முகமும் தெரியாது. டிஜிட்டல் போர்டு மட்டும் தெரியும். அதில் யார் கை வைத்தாலும் அவர் பெயரோடு ஒரு சின்ன அம்பு நகரும். யமுனா பாடத்தைப் பார்க்கமாட்டாள், ரங்கன் என்ற பச்சை அம்பைப் பார்ப்பாள். அது நின்றால் யோசிக்கிறான், ஓடினால் விடை தெரிந்துவிட்டது. சில நாள் தன் அம்பை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். அவனும் நகராமல் இருப்பான்.

"யமுனா காரு, உங்க ஆரோ ஏன் அங்கயே நிக்குது?" என்று டீச்சர் தெலுங்கு மரியாதையோடு ஒருமுறை கேட்டார்.

"சிக்னல் இல்ல மேடம்," என்று கூசாமல் சொன்னாள். அவன் அருகில் இருக்க அவ்வளவு ஏக்கம் அவளுக்கு.

அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி போர்டில் ஒட்ட வேண்டும் என்றார் டீச்சர். ஒரு வாரம் அவகாசம். கம்பெனித் தோழி கீர்த்தியிடம் கேட்டு மனப்பாடம் செய்த வரியை அடுத்த வெள்ளிக்கிழமை யமுனா எழுதி, பச்சை அம்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். 'மை ஹஸ்பண்ட் வில் கம் ஹோம்.'

பச்சை அம்பு அந்தச் சீட்டின் மேல் வந்து நின்றது. வெகுநேரம் நகரவில்லை. பிறகு பக்கத்தில் அவனுடைய சீட்டு திறந்தது. எழுத்துகள் வந்தன, அழிந்தன, மறுபடி வந்தன. போனில் சொல்ல முடியாததை எழுதுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழித்துவிடு, அழித்துவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் அழிக்கவில்லை.

'டூ மோர் இயர்ஸ் குவைத். சாரி.'

"வெரிகுட் ரங்கன்!" என்று டீச்சர் அதன்மேல் ஒரு ஸ்டார் ஒட்டினார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

யாரும் சொல்லித் தராமலே யமுனாவுக்குப் புரிந்த முதல் இங்கிலீஷ் அதுதான்.